வாடிக்கையாளர் ஏன் மறுபடி மெசேஜ் போடுகிறார்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வாடிக்கையாளர் ஒரு விஷயத்துக்காக ஒருமுறை எழுதினால் அது கேள்வி. அதே விஷயத்துக்காக மறுபடியும் எழுதினால் நம் பக்கத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று அர்த்தம். பதில் போயிருக்காது, போனது புரிந்திருக்காது, சொன்ன நேரத்துக்கு வேலை நடந்திருக்காது, இல்லையென்றால் யாரோ மறந்திருப்பார்கள். எது என்பதை அந்த இரண்டாவது மெசேஜின் வார்த்தைகளே பெரும்பாலும் சொல்லிவிடும். "ஹலோ?" என்பது ஒரு கோளாறு, "என்னாச்சு?" என்பது இன்னொன்று, "ஏற்கெனவே சொன்னேனே" என்பது வேறொன்று. மூன்றுக்கும் சேர்த்து "இனிமேல் சீக்கிரம் ரிப்ளை போடுங்க" என்று ஒரே மருந்து கொடுக்கும் இடங்களில் எதுவும் சரியாவதில்லை.

ஆரம்பிக்கும் முன் அரை நாள் ஒதுக்குங்கள். கடைசி இரண்டு வாரத்து வாட்ஸ்அப், மெயில், இன்ஸ்டாகிராம், போன் பதிவு எல்லாவற்றையும் திறந்து, வாடிக்கையாளர் ஒரே விஷயத்துக்காக இரண்டாம் முறை வந்த இடங்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். அவர் எழுதிய வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், உங்கள் சொந்த விளக்கம் வேண்டாம். பிறகு ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எண்ணுங்கள். எந்த வகை அதிகமோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சரிசெய்ய இறங்கினால் பாதியில் நின்றுவிடும்.

"ஹலோ? இருக்கீங்களா?"

முதல் பதிலே போகாத நிலை இது. மூன்று காரணங்கள் உண்டு. கீழே உள்ள வரிசையிலேயே சோதியுங்கள். முதல் காரணம் இருக்கும்போது மூன்றாவதைச் சரிசெய்ய ஆள் சேர்த்தால் சம்பளம் வீணாகும், "ஹலோ?" குறையாது.

முதலில், மெசேஜ் உங்களிடம் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். உங்களோடு இதுவரை எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவருடைய போனிலிருந்தும் மெயிலிலிருந்தும், நீங்கள் வெளியே கொடுத்திருக்கும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இணையதளப் படிவம், பில்லில் அச்சான எண், கூகுள் மேப்பில் இருக்கும் எண், ஃபேஸ்புக் பக்கம், பழைய விசிட்டிங் கார்டில் உள்ள மெயில் என எதையும் விட வேண்டாம். உங்கள் சொந்த போனிலிருந்து சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஏனென்றால் உங்கள் எண்ணும் மெயிலும் ஏற்கெனவே அறிமுகமானவை. இன்ஸ்டாகிராமில் புதியவர் அனுப்பும் செய்தி பல சமயம் நேராக இன்பாக்ஸுக்கு வராது. ரிக்வெஸ்ட் என்ற தனி இடத்தில் சத்தமில்லாமல் கிடக்கும். தினமும் இரண்டு முறை அதைத் திறந்து பார்ப்பது யார் வேலை என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

இணையதளப் படிவம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். படிவத்தை நிரப்பியவருடைய மெயில் முகவரியையே அனுப்புநர் முகவரியாகப் போட்டு உங்களுக்கு மெயில் வரும்படி பல தளங்களில் அமைத்திருப்பார்கள். வாடிக்கையாளரின் ஜிமெயில் அல்லது யாஹூ பெயரில் உங்கள் தளத்தின் சர்வர் மெயில் அனுப்புகிறது. அதற்கு அந்த சர்வருக்கு அனுமதி கிடையாது. பெறும் பக்கம் அதைப் போலி மெயில் என்று எடுத்துக்கொண்டு ஸ்பேமில் தள்ளும், அல்லது வாங்கவே மறுத்துவிடும். அனுப்புநராக உங்கள் சொந்த டொமைனில் (உங்கள் இணையதளப் பெயரில்) உள்ள ஒரு முகவரியையும், பதில் போக வேண்டிய முகவரியைக் குறிக்கும் ரிப்ளை-டூ இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியையும் வைத்தால் சரியாகிவிடும். தளத்தைப் பார்த்துக்கொள்பவருக்குப் பத்து நிமிட வேலை இது. கூடவே, படிவத்தில் வருவதெல்லாம் மெயிலாக மட்டும் போகாமல் தளத்திலேயே ஒரு பிரதி சேமிக்கப்படும்படி செய்யச் சொல்லுங்கள். மெயில் தொலைந்தாலும் கேள்வி தொலையாது.

போனில் பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு, திரை அணைந்திருக்கும்போது சில செயலிகளைத் தூங்க வைத்துவிடும். கடை போனில் வாட்ஸ்அப் பிசினஸ், மெயில் இரண்டுக்கும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். செயலியைத் திறந்ததும் மெசேஜ்கள் கொத்தாக வந்து விழுந்தால் இதுதான் காரணமாக இருக்கும்.

இரண்டாவது காரணம், எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே வாட்ஸ்அப் எண்ணை முதன்மை போன் தவிர இன்னும் நான்கு கருவிகள் வரை இணைத்துப் பயன்படுத்தலாம். வசதிதான். ஆனால் ஒருவர் ஒரு சாட்டைத் திறந்த உடனே மற்றவர்கள் திரையிலும் அது படித்ததாக மாறிவிடும். பார்த்தவர் "டீ குடித்துவிட்டு வந்து போடலாம்" என்று எழுந்து போகிறார். மற்றவர்கள் கண்ணுக்கு அது முடிந்த விஷயம். வாடிக்கையாளருக்கோ நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை. பார்க்காமல் இருந்ததைவிட இது அவருக்குக் கூடுதலாக வலிக்கும்.

இதற்கு இரண்டு பழக்கங்கள் போதும். உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் படிக்காததாக மாற்றிவிட்டு எழுந்திருங்கள். அடுத்தது, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு லேபிள் உருவாக்கி, ஒரு கேள்வியை எடுப்பவர் பதில் எழுதும் முன்பே தன் லேபிளை ஒட்டிவிட வேண்டும். லேபிள் இல்லாத சாட் 15 நிமிடத்துக்கு மேல் கிடந்தால் அன்றைய பொறுப்பாளர் யாருக்காவது ஒதுக்குவார். அந்தப் பொறுப்பாளர் யார் என்பது காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆள் பற்றாக்குறை. இங்கே பலரும் போடும் கணக்கு தவறாக இருக்கிறது. ஒரு கேள்விக்குச் சராசரியாக 10 நிமிடம் பிடிக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஒருவரால் 6 பார்க்க முடியும், வருவதோ 5 தான், அதனால் ஒருவர் போதும் என்று கணக்குப் போடுவார்கள். கேள்விகள் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வரிசையாக வந்தால் போதும்தான். ஆனால் அவை கொத்தாக வரும், சில கேள்விகள் 2 நிமிடத்தில் முடியும், சில அரை மணி இழுக்கும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டேனிஷ் கணிதவியலாளர் எர்லாங் 1909-இல் தொடங்கி வைத்த வரிசைக் கணக்கு இதைத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கின் மிக எளிய வடிவத்தில், மணிக்கு 3 கேள்வி வந்தால் ஒரு கேள்வி வந்ததிலிருந்து முடியும்வரை சராசரியாக 20 நிமிடம். 5 வந்தால் 60 நிமிடம். ஐந்தரை வந்தால் 2 மணி நேரம். பாதிக் கேள்வி கூடியதற்கு ஒரு மணி நேரம் கூடுகிறது. ஆகவே பதில் சொல்லும் ஆளின் நேரத்தை நிரப்பி வழிய விடாதீர்கள். அவருடைய ஒரு மணி நேரத்தில் 15 நிமிடமாவது காலியாக இருந்தால்தான் கூட்டம் வரும்போது தாங்கும். அந்தக் காலி நேரத்தைப் பார்த்து "சும்மாதானே இருக்கார்" என்று பேக்கிங் வேலையை அவர் தலையில் கட்டுவதுதான் "ஹலோ?"க்களின் மிகப் பழைய பிறப்பிடம்.

"என்னாச்சு?", "ஏதாவது அப்டேட் உண்டா?"

முதல் பதில் போயிருக்கிறது, அதன் பிறகு கிணற்றில் போட்ட கல். எங்கும் அதிகம் காணப்படும் கோளாறு இதுவே. வாடிக்கையாளர் உறவை வேகமாக அரிப்பதும் இதுவே. முதல் பதிலே வராத இடத்தில் அவர் வேறு கடை தேடிப் போய்விடுவார், அதோடு முடிந்தது. இங்கே அவர் நம்பிக் காத்திருக்கிறார், பணமும் கட்டியிருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய கடைசிப் பதிலை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"வணக்கம் சார், உங்க கம்ப்ளெயின்ட்டை சம்பந்தப்பட்ட டீமுக்கு அனுப்பியிருக்கோம். விரைவில் தொடர்பு கொள்வார்கள்."

மரியாதையான வாக்கியம்தான். ஆனால் யார், எப்போது, எந்த எண்ணிலிருந்து, அதுவரை இவர் என்ன செய்வது என்று ஒன்றும் இல்லை. "விரைவில்" என்றால் அனுப்பியவருக்கு மூன்று நாள், படித்தவருக்கு இன்று மதியம். மதியம் தாண்டியதும் "என்னாச்சு?" வந்தே தீரும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். மிக்ஸி வாங்கிய இரண்டாவது நாளே நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள், நீங்கள் அனுப்பிய வீடியோவும் வந்துவிட்டது. மோட்டாரா சுவிட்சா என்று எங்கள் டெக்னீஷியன் அதைப் பார்த்துச் சொல்வார். என்ன முடிவானாலும் இன்று மாலை 5 மணிக்கு நான் இதே எண்ணில் எழுதுகிறேன். அதுவரை மறுபடி ஆன் செய்ய வேண்டாம்."

அவர் சொன்னதை நாம் புரிந்துகொண்டோம் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிகிறது. அடுத்து யார் என்ன செய்யப் போகிறார் என்பது இருக்கிறது. அடுத்த செய்திக்கு ஒரு நேரம் இருக்கிறது. அவர் கையில் ஒரு வேலையும் இருக்கிறது.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். 5 மணிக்கு மிக்ஸி சரியாகிவிடும் என்று அதில் எங்கும் இல்லை. 5 மணிக்கு எழுதுகிறேன் என்றுதான் இருக்கிறது. பழுது எப்போது தீரும் என்பது உதிரிபாகத்தையும் டெக்னீஷியனையும் பொறுத்தது, உங்கள் கையில் இல்லை. அடுத்த மெசேஜ் எப்போது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதற்கு மட்டும் வாக்குக் கொடுங்கள், கொடுத்ததை ஒருநாளும் தவற விடாதீர்கள்.

5 மணி ஆகிவிட்டது, சொல்ல ஒன்றுமில்லை என்றால்? ஒன்றுமில்லை என்பதையே எழுத வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். "விஷயம் தெரிந்த பிறகு எழுதலாம்" என்று நினைப்பது இயல்பு, ஆனால் அந்த மௌனத்தில் வாடிக்கையாளர் நினைப்பது வேறு.

"5 மணிக்கு எழுதுகிறேன் என்றிருந்தேன் சார். டெக்னீஷியன் வெளிவேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை, அதனால் இன்று முடிவு சொல்ல முடியவில்லை. நாளை காலை 10 மணிக்கு முதல் வேலையாக இதைப் பார்க்கிறார். 10.30-க்கு எழுதுகிறேன்."

இதை எழுத ஒரு நிமிடம் போதும். காத்திருப்பவர்களின் மனநிலையைப் பற்றி மேலாண்மை எழுத்தாளர் டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதியவற்றில் இரண்டு கூற்றுகள் இங்கே அப்படியே பொருந்தும்: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, காரணம் தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும். மேலே உள்ள மெசேஜ் மிக்ஸியைச் சரிசெய்யவில்லை, ஆனால் காத்திருப்பைச் சுருக்கிவிட்டது.

இவ்வளவு வாக்குறுதிகளை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, முயலவும் வேண்டாம். நான்கு பத்தியில் ஒரு ஷீட் போதும்: யாருக்கு, என்ன, எந்த நாள் எந்த நேரம், யார் பொறுப்பு. வாக்குக் கொடுத்த அதே நிமிடத்தில், சாட்டை மூடும் முன்பே, அதில் வரி ஏற வேண்டும். நேரப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தி, காலை கடை திறந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னும், மூட ஒரு மணி நேரம் இருக்கும்போதும் பாருங்கள். கடைசிப் பார்வைதான் ரொம்ப முக்கியம், ஏனென்றால் அன்றைய வாக்கைக் காப்பாற்ற அப்போதும் நேரம் மிச்சமிருக்கும். விலையுள்ள மென்பொருள் வாங்கியும் "என்னாச்சு?" குறையாத இடங்களில் போய்ப் பார்த்தால் மென்பொருளில் குறை இருக்காது, நேரம் எழுதும் இடம் காலியாக விடப்பட்டிருக்கும்.

வேறு துறையின் பதிலுக்காகக் காத்திருப்பதுதான் வழக்கமான தடை என்றால், அவர்களிடம் "எப்போ முடியும்?" என்று கேட்காதீர்கள். "4 மணிக்கு நிலவரம் கேட்பேன், வாடிக்கையாளருக்கு 5 மணிக்கு எழுத வேண்டும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேர இடைவெளியை விட்டுத்தான் வெளியே வாக்குக் கொடுக்க வேண்டும்.

"இதை ஏற்கெனவே சொன்னேனே"

வாட்ஸ்அப்பில் எழுதியதை போனில் கேட்கிறீர்கள், போனில் சொன்னதை மறுநாள் வேறு ஆள் கேட்கிறார். பதில்கள் வேகமாகத்தான் போகின்றன, வாடிக்கையாளருக்கோ சலிப்பு.

காரணம் பெரும்பாலும் ஷிஃப்ட் மாறும் இடத்திலோ, வழி மாறும் இடத்திலோ இருக்கும். ஒரு கேள்வி கை மாறும்போது நான்கு வரி கூடவே போக வேண்டும்:

கேட்டது: ஆர்டரில் நீல நிறம், வந்தது பச்சை. படம் சாட்டில் உள்ளது.
செய்தது: மாற்றித் தர ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஸ்டாக் இருக்கிறது.
பாக்கி: பச்சையைத் திரும்ப எடுக்க ஆள் அனுப்ப வேண்டும். அவர் வீட்டில் இருக்கும் நேரம் மாலை 6-க்கு மேல்.
சொன்ன நேரம்: நாளை மதியம் 12-க்குள் எடுக்கும் நேரத்தை உறுதி செய்வோம்.

மூன்றாவது வரியில் உள்ள "மாலை 6-க்கு மேல்" மாதிரி சின்னத் தகவல்தான் கை மாறும்போது முதலில் உதிரும். அது உதிர்ந்தால் மதியம் 2 மணிக்கு ஆள் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவார்.

போனில் பேசியவை எங்கும் பதிவாவதில்லை என்பதால், பேசி முடித்த ஐந்து நிமிடத்தில் அதன் சாரத்தை வாடிக்கையாளருக்கே மெசேஜாக அனுப்பிவிடுங்கள். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் உடனே திருத்துவார், உங்களுக்கும் எழுத்தில் இருக்கும். ஒரே வாடிக்கையாளர் மூன்று வழிகளில் வந்தாலும் அடையாளம் ஒன்றாக இருக்க, எல்லாப் பதிவையும் அவருடைய போன் எண்ணின் கீழ் வையுங்கள். பெயரை நம்ப வேண்டாம்; ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள்.

புதிதாகக் கையில் எடுப்பவரின் முதல் வாக்கியமும் மாற வேண்டும். "என்ன பிரச்சனை சொல்லுங்க" என்று தொடங்காமல், "பச்சை நிறம் வந்துவிட்டது, நீலம் மாற்றித் தர வேண்டும், மாலை 6-க்கு மேல் வர வேண்டும். சரிதானே மேடம்?" என்று தொடங்கினால் அவர் "ஆமாம்" என்று சொன்னால் போதும்.

"நான் கேட்டது அது இல்லை"

இங்கே வேகமே பிழை. முதல் பதில் எத்தனை நிமிடத்தில் போகிறது என்று மட்டும் பார்க்கும் இடங்களில் இது அதிகம். முதல் வரியைப் படித்ததும் ரெடிமேட் பதில் போய்விடும். மெசேஜில் மூன்று கேள்வி இருந்திருக்கும். ஒன்றுக்குத்தான் பதில் கிடைத்திருக்கும், சில சமயம் அதுவும் கிடைத்திருக்காது.

பதில் எழுதும் முன் வந்திருக்கும் கேள்விகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று கேள்வி என்றால் பதிலிலும் 1, 2, 3. ஒன்றுக்கு விடை தெரியாவிட்டால், "3-க்கு கிடங்கில் கேட்டுவிட்டு மதியம் 2 மணிக்குச் சொல்கிறேன்" என்று அந்த எண்ணைக் காலியாக விடாமல் எழுதுங்கள்.

ரெடிமேட் பதில்கள் தேவைதான், வாட்ஸ்அப் பிசினஸில் 50 வரை சேமித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் கையால் நிரப்ப வேண்டிய ஒரு இடமாவது இருக்கும்படி எழுதுங்கள்: "___ பற்றிக் கேட்டிருந்தீர்கள்" என்று. அந்த இடத்தை நிரப்ப வேண்டுமென்றால் மெசேஜை முழுதாகப் படித்தே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை, எந்த ரெடிமேட் பதிலுக்குப் பிறகு வாடிக்கையாளர் மறுபடி கேள்வி கேட்டிருக்கிறார் என்று பார்த்து அதைத் திருத்துங்கள்.

தானாகப் போகும் செய்திகளையும் ஒருமுறை சோதிக்கவும். கடை மூடிய நேரத்துக்கான செய்தியை "எப்போதும் அனுப்பு" என்று வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். பட்டப்பகலில் "நாங்கள் தற்போது இல்லை" என்று போய்க்கொண்டிருக்கும். வரவேற்புச் செய்தி புதியவர்களுக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து திரும்பி வருபவர்களுக்கும் போகும். மூன்று வாரம் முன்பு வாங்கியதில் குறை சொல்ல வந்தவருக்கு "வருக! இன்றைய சலுகைகள் இதோ" என்று போனால் எப்படி இருக்கும் என்று யோசித்து அந்த வாசகத்தை எழுதுங்கள். வேலை நேரமும் ஆள் பதில் சொல்லும் நேரமும் மட்டும் இருந்தால் போதும்.

"மெயில் எதுவும் வரலையே"

நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள், அவருக்குக் கிடைக்கவில்லை. வாடிக்கையாளரிடம் "ஸ்பேம்ல பாருங்க" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அவருக்குப் போகாதது மற்றவர்களுக்கும் போகாமல் இருக்கலாம்.

உங்கள் நிறுவன மெயிலிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" அழுத்துங்கள். மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று வரிகள் தெரியும். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் சோதனைகள் இவை. மூன்றும் "பாஸ்" ஆக வேண்டும். எஸ்.பி.எஃப். என்பது உங்கள் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்களின் பட்டியல். அது தவறினால் வழக்கமான காரணங்கள் இரண்டு. புதிதாகச் சேர்த்த பில்லிங் அல்லது நியூஸ்லெட்டர் சேவை அந்தப் பட்டியலில் இருக்காது. அல்லது அதைச் சேர்க்கும்போது இருந்த பதிவைத் திருத்தாமல் இரண்டாவதாக ஒன்றை உருவாக்கியிருப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும். அந்தப் பதிவைச் சரிபார்க்கத் தேவைப்படும் டி.என்.எஸ். (டொமைன் விவரங்களைத் தரும் இணைய அமைப்பு) தேடல்களும் 10-ஐத் தாண்டக் கூடாது.

ஒரே நாளில் ஜிமெயில் பயனர்களுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் இந்த மூன்றும் கட்டாயம். விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும், ஸ்பேம் என்று அழுத்துபவர்கள் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வளவு அனுப்பாதவர்களும் மூன்றையும் அமைத்துக்கொள்வது நல்லது. விளம்பர மெயிலை ஒரு துணை டொமைனிலிருந்தும், பில், ஆர்டர் நிலவரம், குறைதீர்ப்பு ஆகியவற்றை முதன்மை டொமைனிலிருந்தும் அனுப்பினால், ஒன்றில் கெட்ட பெயர் மற்றதை அவ்வளவாகப் பாதிக்காது.

பதில் எழுதினால் யாரும் பார்க்காத நோ-ரிப்ளை முகவரியிலிருந்து ஆர்டர் மெயில் அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பில்லில் பெயர் தப்பாக இருப்பதைப் பார்த்தவர் அந்த மெயிலுக்கே பதில் எழுதத்தான் பார்ப்பார்.

கொட்டேஷன் போன பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை

இது தலைகீழ் அறிகுறி, இங்கே "என்னாச்சு?" என்று கேட்பது நீங்கள். முதலில் கேள்வி வந்த நேரத்தையும் நீங்கள் முதலில் பேசிய நேரத்தையும் பாருங்கள். அமெரிக்க நிறுவனங்களை வைத்து செய்து 2011-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வெளியான ஆய்வில், இணையத்தில் விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்ட நிறுவனங்கள், அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத் தொடர்பு கொண்டவற்றைவிட, முடிவெடுக்கும் நபரோடு பயனுள்ள பேச்சைத் தொடங்க ஏறக்குறைய ஏழு மடங்கு வாய்ப்புப் பெற்றிருந்தன. முழு கொட்டேஷனுக்கு இரண்டு நாள் ஆகும் என்றாலும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் உத்தேச விலை வரம்பும், எதைப் பொறுத்து அது கூடும் குறையும் என்பதும், முழு கொட்டேஷன் வரும் நாளும் போய்விட வேண்டும்.

நேரம் சரியாக இருந்தும் மௌனம் என்றால் கொட்டேஷனின் கடைசி வரியைப் பாருங்கள். "மேலும் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று முடிந்திருந்தால் அவர் செய்ய வேண்டியது எதுவும் அதில் இல்லை. "வியாழக்கிழமைக்குள் சொன்னால் இந்த மாதமே வேலை தொடங்கலாம், மரமா ஸ்டீலா என்று மட்டும் சொல்லுங்கள்" என்பது மாதிரி ஒரு சின்ன முடிவைக் கேளுங்கள்.

ஃபாலோ-அப் இரண்டாவது நாள் ஒன்று, ஏழாவது நாள் ஒன்று, மூன்றாவது வாரம் "இப்போதைக்கு மூடி வைக்கிறேன், தேவைப்படும்போது இதே விவரத்தோடு தொடரலாம்" என்று ஒன்று. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ரிமைண்டர் சார்" என்று வெறுமனே போவது தொந்தரவு. ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரு தகவல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் சாதாரண செயலியை விட்டு மென்பொருள் வழியாக இணைக்கும் பிசினஸ் தளத்தைப் பயன்படுத்தினால், வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்த பிறகு முன்பே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் மெசேஜ் மட்டுமே அனுப்ப முடியும். இரண்டாவது நாள் ஃபாலோ-அப்புக்கான டெம்ப்ளேட்டை இப்போதே எழுதி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்க மேனேஜர் நம்பர் கொடுங்க"

கோபம் இந்த அளவு வந்துவிட்டால் டைப் செய்வதை நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள். எழுத்தில் வரும் நிதானமான பதில், கோபத்தில் இருப்பவருக்கு அலட்சியமாகவே படும். அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள், குறிப்பெடுங்கள். பிறகு நடந்ததை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதில் யாருடைய சிரமம், எது தவறு என்று இல்லை. "வெள்ளிக்கிழமை வரும் என்று சொன்னோம், விசேஷம் முடிந்து திங்கட்கிழமை வந்திருக்கிறது, தவறு எங்களுடையது" என்பதில் எல்லாம் இருக்கிறது.

ஆனால் வேர் வேறு இடத்தில். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எதையும் முடிவு செய்ய அதிகாரம் இல்லாததால்தான் மேனேஜரைக் கேட்கிறார்கள். எந்தத் தொகை வரை அவரே பணம் திருப்பிக் கொடுக்கலாம், எந்தெந்தப் பொருளை யாரையும் கேட்காமல் மாற்றித் தரலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தை உங்களிடமே வைத்துக்கொள்வது அந்த ஊழியருக்கும் அநியாயம்.

ரிவ்யூவில் எழுதிவிட்டால், இரண்டு மூன்று வாக்கியத்தில் பதில் போதும். ஆர்டர் எண், முகவரி, அவர் என்ன வாங்கினார் என்பதையெல்லாம் பொதுவில் எழுதக் கூடாது. தனியே பேசித் தீர்த்த பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வந்து, எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரி சேருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் படிப்பவர்களுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, புகார் மட்டும் குறையவில்லை

எண்ணைக் கணக்கிட்ட விதத்தைப் பாருங்கள். தானாகப் போகும் செய்தியை முதல் பதிலாக எண்ணியிருந்தால் உங்கள் பதில் நேரம் எப்போதும் சில நொடிகள்தான். பத்துக் கேள்வியில் ஒன்பதுக்கு 5 நிமிடத்திலும் ஒன்றுக்கு 20 மணி நேரத்திலும் பதில் போயிருந்தால், சராசரி ஏறக்குறைய 2 மணி நேரம், நடு மதிப்பு (சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கினால் நடுவில் வருவது) 5 நிமிடம். முதல் எண் யாருக்கும் நடக்காத ஒன்றைச் சொல்கிறது, இரண்டாவது அந்தப் பத்தாவது ஆளையே மறைத்துவிடுகிறது. புகார் எழுதப் போவது அவர்தான்.

அதனால் தினமும் காலையில் ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள்: இந்த நிமிடம் பதில் இல்லாமல் கிடப்பவற்றில் மிகப் பழையது எத்தனை மணி நேரம் பழையது? வாரம் ஒருமுறை, "முடிந்தது" என்று மூடியவற்றில் எத்தனை ஏழு நாளுக்குள் மறுபடி திறந்தன என்று பாருங்கள்.

இரவு 11 மணிக்கும் மெசேஜ், பதில் இல்லை என்றால் கோபம்

இரவில் ஒருமுறை பதில் போட்டால் அடுத்த முறையும் எதிர்பார்ப்பார்கள். இரவில் எழுதத் தோன்றினால் எழுதி, காலை 9 மணிக்குப் போகும்படி வையுங்கள்; மெயிலில் அந்த வசதி இருக்கிறது. நேரத்தை ப்ரொஃபைலிலும், பில்லிலும், கடை மூடிய நேரச் செய்தியிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். உண்மையிலேயே அவசரம் வரக்கூடிய தொழில் என்றால், எது அவசரம் என்று இரண்டு வரியில் சொல்லி அதற்கு மட்டும் தனி எண் கொடுங்கள். அந்த எண்ணை வாரம் ஒருவராக முறை வைத்து எடுக்கட்டும், முறை முடிந்தவருக்கு அடுத்த நாள் தாமதமாக வர அனுமதி இருக்கட்டும்.

ஒரு பகுதியைச் சரிசெய்த பிறகு இரண்டு வாரம் விட்டு, அதே தாளை எடுத்து அதே முறையில் மறுபடி எண்ணுங்கள். "ஹலோ?" குறைந்து "என்னாச்சு?" கூடியிருந்தால் பயப்பட வேண்டாம், இதுவரை முதல் பதிலே கிடைக்காதவர்களுக்கு இப்போது கிடைக்கிறது, அவர்கள் அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அடுத்து அந்த நான்கு பத்தி ஷீட்டில் வேலையைத் தொடங்குங்கள்.